டிகிரி தசரதன்

பல் தேய்த்த நுரை வாயில் இருக்கும்போதே தசரதன் துப்பாக்கியை எடுத்துவிடுவார். தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும் மஞ்சள் நிறத் துப்பாக்கி. வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளில் வைத்திருப்பார்களே, அதுதான். மேசைமேல் நான்கு பாட்டில் மூடிகளின் மீது நிற்கிற மடிக்கணினியின் அடிவயிற்றுக்குக் குறிபார்த்து விசையை அழுத்துவார். "நாப்பத்தி ரெண்டு!" என்று நுரையோடு கூவுவார். வீட்டில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வாய் கொப்பளிக்கப் போவார்.

பொழிச்சலூரில் அந்தத் தெருவுக்கே அவர் 'டிகிரி'. இன்ஜினியரிங் படித்தவர் என்பதால் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருடைய நினைப்பு. அந்தப் படிப்பில் அவர் எழுதி முடிக்காத பேப்பர்கள் இன்னும் பாக்கி இருப்பது தெருவுக்கும் தெரியும்.

தாத்தா நெல் விளைத்த நிலம் அப்பா காலத்தில் மனைகளாயிற்று. மனைகளில் வீடுகள் எழுந்து, மூன்று போர்ஷன் வாடகை மாதம் தவறாமல் வருகிறது. ஆகவே தசரதனுக்கு ஓய்வு நிறைய. வேலைக்கே போகாதவர் என்று சொன்னால் அது பொய். ஒரு கம்பெனியில் சித்திரையில் சேர்ந்து, மழை பிடிக்குமுன் வீடு திரும்பினார். "மேனேஜரு லிமிட் பண்றான்மா. என் ஸ்பீடு அவனுக்குத் தாங்கல" என்று மனைவி சத்யபிரியாவிடம் காரணம் சொன்னார். அவருடைய ஸ்பீடு எதில் என்று அவளுக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

இப்போது அவர் அவிழ்த்துவிடுவது சிப்புகளை. மடிக்கணினியில் படங்களை வரைந்து காட்டுவதற்கென்று தனியாக ஒரு சிப்பு உண்டு. இவ்வளவு வேகம் ஓடினால் போதும், இதற்குமேல் போனால் சூடு தாங்காது என்று கணக்குப் பார்த்து, வரம்பு கட்டித்தான் கம்பெனி அனுப்புகிறது. அந்த வரம்பைத் தளர்த்தி ஓடவிடுவதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். "கம்பெனிக்காரன் கைய கட்டி அனுப்பறான். நான் அவுத்து வுடறேன்" என்பது தசரதனின் தாரக மந்திரம். வரம்புக்குள் ஓட்டுகிற மனிதர்களையெல்லாம் 'ஸ்டாக்கு' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவார். மாமனார் ஸ்டாக்கு. எதிர்வீட்டு வங்கி அதிகாரி ஸ்டாக்கு. சிப்பின் சூட்டைக் கடத்தக் கம்பெனி போட்ட பசையை மாற்றாமலே மடிக்கணினியை மூன்று வருஷம் ஓட்டிய டாக்டர் ஒருவர் பச்சை ஸ்டாக்கு.

அவிழ்த்துவிட்ட அந்த வேகத்தை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. விளையாட்டு எதுவும் விளையாடுவதில்லை. படம் வரைவதில்லை, வீடியோ வெட்டி ஒட்டுவதில்லை. சோதனை மென்பொருள் ஒன்றை ஓடவிடுவார். திரையில் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு கேமரா பறந்து போகும். முடிவில் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் படமெடுத்து, தன்னைப் போன்றவர்கள் கூடியிருக்கும் வாட்சப் குழுவில் போடுவார். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு மறுபடியும் அதே கோபுரம், அதே கேமரா. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கிக்கொண்டிருப்பவரை என்னவென்று சொல்வது?

சூடு தணிக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. ஈரத் துணி, ஐஸ் பொட்டலம், தலைகீழாகக் கட்டிய மேசை விசிறி. பக்கத்து விமான நிலையத்தில் விமானம் தாழ்ந்து இறங்குகிற சத்தம் எது, இவர் விசிறியின் சத்தம் எது என்று அந்த வீட்டில் பிரித்தறிய முடியாது. வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில். கத்திரி வெயிலில் மகள் தமிழினி கூடத்தில் பேப்பரால் விசிறிக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள். அறைக்குள் மடிக்கணினி குளுகுளுவென்று படுத்திருந்தது. பின் போர்ஷன் அம்மணி, தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று இடுப்பில் குடத்தோடு வந்து நின்றபோது, "மோட்டாருக்கு ரெஸ்ட்டே குடுக்கறதில்ல நீங்க, அப்புறம் ஓவர்ஹீட் ஆவாம இன்னா ஆவும்?" என்று பாடம் எடுத்தார். மோட்டாரைச் சரிசெய்ய ஆள் அனுப்பியது சத்யபிரியா.

ஒருமுறை தமிழினிக்குக் காய்ச்சல். நெற்றி கொதிக்கிறது என்று சத்யபிரியா பதறியபோது, தசரதன் துப்பாக்கியோடு ஓடிவந்து மகளின் நெற்றியில் குறிபார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"முப்பத்தொம்போதுதான் கீது. சூப்பர் கூலு! எதுக்குப் பயப்படறே?"

சத்யபிரியா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆட்டோவுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் சொல்லும் எந்த எண்ணையும் அவள் காதில் வாங்குவதில்லை.

அவளுக்கென்று ஒரு தொழில் இருந்தது. வீடுகளுக்கு உள்ளலங்காரம் வரைவது, அதிலும் சமையலறைகள். பல வருஷம் ஒரு கம்பெனிக்கு வரைந்து கொடுத்தவள், போன தையில் அதை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்தாள். தனக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கினாள். வரைந்த சமையலறைக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்டுவதற்கு அதில் நல்ல சிப்பு இருந்தது. தசரதனின் கண் அன்றைக்கே அதன்மேல் விழுந்தது. "இதுல கைய வெச்சீங்க, அவ்ளோதான்" என்று அவள் சொல்லியே வைத்திருந்தாள்.

முதல் பெரிய வேலை கேளம்பாக்கத்தில் வந்தது. சினேகா என்ற பெண், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை செய்பவள், சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தாள். சக்கர நாற்காலியில் இருப்பவள். இரண்டு பேரிடம் சமையலறைக்கு வரைபடம் வாங்கி, இரண்டையும் வேண்டாம் என்று திருப்பியிருந்தாள். "போட்டோவுல அழகாத்தான் இருந்துச்சு மேடம். அதுல நான் எங்க இருக்கேன்னுதான் தெரியல" என்று ஃபோனில் சொன்னாள். சத்யபிரியா அவளுக்காக மேடையை எழுபத்தைந்து சென்டிமீட்டருக்குத் தாழ்த்தி, முழங்கால் நுழைய அடியில் இடம்விட்டு, ஒவ்வொரு அலமாரியும் கைக்கு எட்டும்படி வரைந்தாள். திங்கட்கிழமை காட்டுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின நாள் அவள் பம்மலில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பினாள். தசரதன் ஈசிசேரில், கேட்காமலே பால்கூட வாங்கிவைத்துவிட்டு, ரொம்ப நல்லவராக உட்கார்ந்திருந்தார். அவருடைய நகக்கண்களில் வெள்ளி போல எதுவோ மின்னியது.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ல. க்ளீன் பண்ணேன்."

"என் லேப்டாப்பையா?"

"கத்தாத. கம்பெனிக்காரன் வெச்ச பேஸ்ட்டு காஞ்ச சப்பாத்தி மாவு மாதிரி கீது. சொரண்டி எடுத்துட்டு லிக்விட் மெட்டல் போட்டேன். பாதரசம் மாதிரி இருக்கும், சூட்ட அப்டியே உறிஞ்சிக்கும். க்ளாக்கையும் கொஞ்சம் ஏத்தி வுட்டுகீறேன். உன் கிச்சன் இனிமே பறக்கும் பாரு."

திறந்து பார்த்தாள். உண்மையாகவே பறந்தது. காபி போட்டு வருவதற்குள் முடியாத படம், அவள் எழுந்திருக்குமுன் முடிந்துவிட்டது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. பழையபடி மாற்றச் சொல்லவும் நேரமில்லை. மாற்றுவதும் அதே கைதானே?

மறுநாள் அவளே போவதாகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "நான் கூட இருந்து டெம்பரேச்சர் பாத்துக்கறேன்" என்று காரைக் கிளப்பிவிட்டார். வண்டலூர்ச் சாலையின் வேகத்தடை ஒன்றிலாவது அவர் கால் பிரேக்கைத் தேடியதாகத் தெரியவில்லை. பின் சீட்டில் மடிக்கணினி ஒவ்வொரு குலுக்கலுக்கும் எழும்பி விழுந்தது. அதற்குள் ஊற்றியிருந்ததோ பாதரசம் போல ஓடுகிற, மின்சாரத்தையும் கடத்துகிற சமாசாரம். அது எங்கே ஓடும் என்று சிப்பு நிபுணர் யோசிக்கவில்லை.

ஃபிளாட்டில் இன்னும் டைல்ஸ்கூடப் போடவில்லை. வெறும் சிமெண்ட் தரை, ஜன்னல் வழியே அடுப்பு போல வெயில். சினேகாவும் அவள் அப்பா அசரியாவும் காத்திருந்தார்கள். அசரியா தாம்பரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தார்கள். தசரதன் பக்கத்தில் குந்தினார். திரையின் மூலையில் ஒரு சின்ன எண் ஓட ஏற்பாடு செய்திருந்தார். அவர் கண் அதைவிட்டு அசையவில்லை.

"வாசல்லேர்ந்து உள்ள வர்றோம் மேடம். இடது பக்கம் மேடை…" என்று சத்யபிரியா ஆரம்பித்தாள்.

"எண்பத்தி மூணு" என்றார் தசரதன்.

அசரியா திடுக்கிட்டார். "எண்பத்தி மூணா? எழுபத்தஞ்சுன்னுதானம்மா பேசினோம்? அவளுக்கு எட்டாதே!"

"இல்ல சார், மேடை எழுபத்தஞ்சுதான். இவர் சொல்றது லேப்டாப்போட சூடு."

"எண்பத்தி ஒம்போது" என்றார் தசரதன், யாரோ அவரிடம் கேட்டதுபோல.

சத்யபிரியா சிரித்துச் சமாளித்தாள். திரையில் கதவு திறந்தது, மேடை தெரிந்தது, பாத்திரம் கழுவும் தொட்டி தெரிந்தது. சினேகா நாற்காலியில் முன்னால் குனிந்தாள். அப்போதுதான் அடுப்புக்குமேல் பச்சை நிறத்தில் ஒரு முக்கோணம் முளைத்தது. பிறகு இரண்டு. பிறகு சமையலறை முழுக்கப் பச்சைக் கண்ணாடிச் சில்லுகளாக நொறுங்கி, திரை கறுத்து, உள்ளே ஏதோ 'டிக்' என்றது. கம்பி பொசுங்கிய வாசனை வந்தது.

தசரதன்தான் முதலில் பேசினார். குரலில் கொஞ்சமும் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

"தொண்ணூத்தாறு வரைக்கும் தாங்கிச்சி சார்! வேற சிப்பா இருந்தா எண்பதுலயே பூட்டிருக்கும். இது ராசியான சிப்பு."

அசரியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்க யாரு?"

"நான்தான் சார் ட்யூன் பண்ணேன்."

"இவர் என் வீட்டுக்காரர்" என்றாள் சத்யபிரியா. அவரைப் பார்க்காமலே கைப்பைக்குள் ஃபோனைத் தேடினாள்.

ஃபோனில் நாலைந்து படங்கள் இருந்தன. எடுத்து நீட்டினாள். சினேகா வாங்கிப் பார்த்துவிட்டு மென்மையாகத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அவங்க காட்டினதும் நல்லாத்தான் இருந்துச்சு. சேரோட நான் திரும்பறதுக்கு இடம் இருக்குமான்னு இதுல எப்படித் தெரியும்? பரவாயில்ல, இன்னொரு நாள்…"

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று சத்யபிரியாவுக்குத் தெரியும். கைப்பையை உதறினாள். அளவு டேப்பும், சுவரில் குறி போடும் சாக்பீஸ்களும் விழுந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம். போயிடாதீங்க."

சமையலறைக்கென்று தடுப்பில்லாமல் விட்டிருந்த தரையில், வாசலுக்கு இடைவெளி விட்டு, இனி எழப்போகும் சுவருக்கு இரட்டைக் கோடு இழுத்தாள். டேப்பின் ஒரு முனையை அசரியா கேட்காமலே பிடித்துக்கொண்டார். மேடை, அதில் ஒரு சதுரம் தொட்டி, இரண்டு வட்டம் அடுப்பு, மூலையில் ஃபிரிட்ஜ். சிமெண்டின்மேல் ஒரு சமையலறை அதன் முழு அளவில் படுத்தது. சத்யபிரியாவின் புடவை முழங்கால் பக்கம் சிமெண்ட் தூசியில் சாம்பல் நிறமாகிவிட்டது.

"உள்ள வாங்க மேடம்."

சினேகா இடைவெளி வழியே நாற்காலியை உருட்டி வந்தாள். அடுப்பு முன் நின்றாள், கையை நீட்டினாள், தொட்டிக்குத் திரும்பினாள். திரும்பும்போது பின்சக்கரம் ஃபிரிட்ஜின் கோட்டில் ஏறியது.

"இங்க இடிக்குது."

"எவ்ளோ வேணும்?"

"ஒரு சாண்."

சத்யபிரியா உள்ளங்கையால் ஃபிரிட்ஜை அழித்து, ஒரு சாண் தள்ளி வரைந்தாள். சினேகா மறுபடி திரும்பினாள். இந்த முறை இடிக்கவில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று, அவசியமில்லாமலே. "அப்பா, பால் பொங்குது பாரு!" என்று இல்லாத அடுப்பை அணைத்தாள். அசரியா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதையே செஞ்சுடுங்க மேடம்" என்றாள் சினேகா. "கோடு அப்படியே இருக்கட்டும். ஆசாரி வந்து அளவு எடுத்துக்கட்டும்."

இவ்வளவும் நடந்தபோது சிப்பு நிபுணர் பால்கனியில் இருந்தார். செத்த மடிக்கணினியைக் கவிழ்த்து, கையகல நிழலில் வைத்து, ஃபோனில் தன் குழுவுக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தார். "மக்களே, ஒரு சின்ன ஃபெயிலியரு. ஆனா தொண்ணூத்தாறு பாத்துட்டோம். ஸ்டாக்குல ஓட்றவன் இத கனவுலகூடப் பாக்க மாட்டான்…" முதல் கட்டைவிரல் வந்து சேர்ந்ததும் அவர் முகம் தெளிந்தது.

கிளம்பும் நேரம் வந்தது. சினேகா சக்கரத்தைத் திருப்பி, சாக்பீஸ் சுவரில் விட்டிருந்த வாசல் வழியாகவே வெளியே வந்தாள். அசரியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே வாசலில் ஒருக்களித்து நுழைந்து அவளுக்குப் பின்னால் வந்தார். சத்யபிரியா கதவருகே நின்று, "வர்றீங்களா?" என்று பால்கனியைப் பார்த்துக் கேட்டாள்.

தசரதன் மடிக்கணினியை மார்போடு அணைத்து, இன்னொரு கையிலிருந்த ஃபோனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் புறப்பட்டார். சுவரைக் கடந்து, தொட்டியை மிதித்து, இரண்டு அடுப்பின்மேலும் ஒவ்வொரு காலாக வைத்து, நேரே நடந்து வந்தார்.