‘நில்’ என்று எழுதிய வரி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நடந்ததை நடந்தபடி, வரிசையாக எழுதுகிறேன். அறையில் இருந்தது மூன்று பேர். ஜன்னலோர மேசையில், கணினிக்கு முன்னால் நான். எனக்கு இடப்பக்கம், பால் ஊட்டும் பம்பை மடியில் வைத்துக்கொண்டு சோதனைக்கார அக்கா. கதவடியில் முக்காலி போட்டு முதலாளி. பட்டப்பகல். மணி மூன்று பத்து.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்குக் குழாய் வழியாகத் துளித்துளியாகப் பால் இறக்கும் பம்பு அது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் மாட்ட வேண்டும். அங்கே முதல் தொட்டிலில் என் தங்கை மகள் கிடந்தாள்.

அளவு முடிந்ததும் ‘நில்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நாம் எழுதுவதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எங்கள் கம்பைலருக்கு அக்கா வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. பெண் பார்க்க வரும்போது ஒரு குறையும் சொல்ல மாட்டார். குடித்தனம் நடத்தும்போதுதான் தெரியும். அன்றும் ‘பிழை இல்லை’ என்றுதான் சொன்னார்.

பால் பையில் தண்ணீர் ஊற்றி, குழாய் முனையில் டம்ளர் வைத்து, மெதுவான வேகத்தில் ஓட்டினோம். அளவு முடிந்தது. பம்பு நிற்கவில்லை.

“என்ன தம்பி, நில்லுன்னு எழுதினியா, இல்ல மனசுல நெனச்சதோட சரியா?”

“எழுதியிருக்கேன்க்கா. பாருங்க.”

மாப்பிள்ளை மாற்றித் தந்த கோப்பைத் திறந்தேன். வேகமாக ஊட்டும் பகுதியில் அந்த வரி இருந்தது. மெதுவாக ஊட்டும் பகுதியில் இல்லை. மறுபடி எழுதினேன். மறுபடி விழுங்கியிருந்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் முதலாளி. “காலையில மிஷின் போகணும்.”

அப்போதுதான் நாற்றம் வந்தது. புளித்த பாலும் எச்சிலும் கலந்த, வெதுவெதுப்பான நாற்றம். பையில் தெளிந்த தண்ணீர். குழாய் முனையில் மஞ்சளாக, நூல்நூலாக... கோழை. அக்காவின் விரலில் பட்டது. துடைத்தார். இழுபட்டது.

பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியையும் கழற்றினேன்.

கர்... கர்... ஓடியது.

டம்ளர் நிறையவில்லை.

மடக்... மடக்...

யாரோ விழுங்கினார்கள். மேசைக்கடியில்.

பிறகு ஓர் ஓங்கரிப்பு.

கணினித் திரையில் ஒரே வரி. ‘ஓட்டத்தில் பிழை: நிரம்பி வழிகிறது.’

பம்பு நின்றது. மூன்று பதினேழு.

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்து சொன்னது இதுதான்: “கழுவிட்டு அனுப்பு.”

கம்பைலரை எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் வெளியாள். போன் போட்டேன். அவர் தம்பி எடுத்தார்.

“அண்ணன் போய் எட்டு நாளாச்சுங்க. கடைசியில மூக்குக் குழாய்லதான் ஆகாரம். மெதுவா விடச் சொன்னாங்க. உங்க கம்பெனி பழைய மிஷின்தான்... நிக்கவே இல்லைங்க.”

ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். “எழுத்துல குடுங்க” என்றார்கள். எழுதினேன். புதிய பம்பை மாட்டாதீர்கள், அங்கே ஏற்கெனவே ஓடும் எங்கள் பழைய பம்புகளையும் கழற்றுங்கள், காரணம் காணாமல் போன இந்த வரி. மேசைக்கடியில் கேட்டதை எழுதவில்லை. எழுதினால் கடிதத்தையே ஒதுக்கிவிடுவார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டேன்.

“நாளையிலேர்ந்து வராதே,” என்றார்.

உறையை நாக்கால் நனைக்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தண்ணீர் தொட்டு ஒட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்காரரிடம் கொடுத்தேன்.

“எங்கயும் நிக்காம போங்கண்ணே.”