எதிர்ச்சாரியில் இன்னொரு வங்கி

எழுபதுகளின் கடைசி. ஜெயங்கொண்டத்தில் எங்கள் கடைவீதிப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வங்கிதான். என் அக்கா, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பத்துப் பெண்களோடு முந்திரிக்கொட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டை ஒரு வியாபாரியுடையது, பருப்பும் அவருடையது. உடைக்கிற கூலியும் விரலில் ஏறும் கறையும்தான் இவர்களுக்கு. சித்திரையில் வரத்து தொடங்கும்போது சொந்தமாகக் கொட்டை வாங்கிப் போட்டால்தான் தலையெடுக்க முடியும். அதற்குக் கடன் வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் பொறுப்பு தமிழாசிரியனான எனக்கு. போர்ச்சுகீசியர் கப்பலில் முந்திரி வந்து இறங்கியதிலிருந்து தொடங்கினேன். மேனேஜர் முழுவதையும் படித்தார்.

“நடை நல்லா இருக்கு சார். அடமானத்துக்கு என்ன இருக்கு?”

என் சம்பளத்தை வைத்து நானே ஜாமீன் நிற்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நாகரிகமான மனிதர். பார்க்கலாம் என்றார். அப்படியே இரண்டு சித்திரை போயிற்று.

அடுத்த வருஷம் எதிர்ச்சாரியில், உரக்கடை மாடியில், இன்னொரு வங்கி வந்தது. அதன் இளம் மேனேஜர் டெபாசிட் பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். அக்காவின் கொட்டகைக்கும் வந்தார். பருப்பை ருசி பார்த்தார், எல்லாரையும் கணக்குத் தொடங்கச் சொன்னார். கடன் என்றதும், “நான் ஊருக்குப் புதுசுங்க. உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம் பழகிட்டுப் பாப்போம்” என்றார்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன். அக்கா மறுநாளே பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பழைய வங்கிக்குப் போனாள். சந்தைக்குச் சந்தை அங்கேதான் எல்லாரும் சேமித்து வந்தார்கள். துணைக்கு நானும் போனேன். பேச வாய்ப்பு வரவில்லை.

“எங்க கணக்க முடிச்சுக் குடுங்க சார். எதுத்த பேங்குல போட்டுக்குறோம்.”

மேனேஜர் எழுந்தே விட்டார். “என்னம்மா இது? வருஷக்கணக்கா தவறாம கட்றீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“தெரியும்னு இன்னிக்கித்தான சொல்றீங்க.”

உண்மையில் அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்தது. அது தேவைப்பட்டது எதிரே போர்டு மாட்டிய பிறகுதான். கேட்டிருந்த கடனில் பாதி கொடுத்தார். ஜாமீன் என் சம்பளமே. இடைப்பட்ட காலத்தில் அது ஏறவில்லை. எப்படியோ மதிப்பு மட்டும் ஏறியிருந்தது.

அந்தச் சித்திரையில் கொட்டகைக்குள் சொந்த மூட்டைகள் வந்து இறங்கின. வியாபாரி பார்க்க வந்தார்.

“ஏந்தங்கச்சி, அப்ப என் கொட்டைய யாரு ஒடைப்பா?”

“எங்களது முடியட்டும்ணே. கூலி என்ன தருவீங்கன்னு சொல்லுங்க, யோசிக்கிறோம்.”

அவர் ஒரு பருப்பை எடுத்து மென்றபடி நின்றார். நல்ல பருப்புதான் என்று ஒத்துக்கொண்டு, கூலியை ஏற்றிச் சொன்னார்.