பன்னீருக்குப் பயந்த கேமரா

கல்லூரியில் என்னோடு புகைப்பட வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் ப்ராஜெக்ட்டுக்குக் கைப்பேசியையே நம்பினார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மலாக்கா டவுனில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் அப்பாவின் வயதுள்ள பிலிம் கேமராவைத் தேடிப் பிடித்து, தோல் வாரோடு கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். அக்கா காதலித்தவர் புலாவ் செபாங்கைச் சேர்ந்தவர். நான்கு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார். அப்போதும் மாப்பிள்ளையின் அப்பாவை “அந்த ஆளு” என்றுதான் சொல்வார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “மத்த படம் எப்படி வந்தாலும் பரவால்ல தம்பி. அப்பாவும் அவங்கப்பாவும் தட்டு மாத்துறத மட்டும் ஒழுங்கா எடுத்துரு. நாளைக்கு அப்பா பேச்சு மாறுனா காட்டணும் லா.”

நான் பொறுப்பை ஏற்றதோடு நிற்கவில்லை. அலோர் காஜாவில் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் நடுவே நின்று, “ஒருத்தரும் போன் எடுக்கக்கூடாது, அப்புறம் படம் பூரா உங்க போனுங்கதான் தெரியும்” என்று அறிவித்தேன். சொந்தக்காரர்கள் பாவம், நம்பிவிட்டார்கள்.

வாசலில் கிடந்த செருப்புக் குவியலைக் கலைக்கண்ணோடு எடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சித்தி பன்னீர்ச் செம்பைத் தூக்கினார். சித்தி தெளித்தால் அது தெளிப்பல்ல, குளியல். ஒரு படம் எடுத்ததும், லென்ஸ் நனைந்துவிடுமே என்று பதறி மூடியைப் போட்டேன்.

போட்டதைக் கழற்ற மறந்தேன். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி போட்டிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். நானும் மண்டியிட்டேன், நாற்காலியில் ஏறினேன், அப்பாவின் கையும் அந்த ஆளின் கையும் ஒரே தட்டில் இருந்தபோது குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். எதிரே இருந்த ஒருவரும் மூடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பழைய கேமரா அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்களாம்.

கல்லூரி இருட்டறையில் பிலிமைக் கழுவித் தொங்கவிட்டேன். செருப்புகள் அருமையாக விழுந்திருந்தன. அடுத்தது சித்தியின் செம்பு. அதன் பிறகு கடைசிவரை வெறும் பிலிம். ஆசிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “எல்லாம் கோசோங் தம்பி, ஒண்ணுமே இல்ல” என்றார்.

வீட்டில் சொன்னபோது அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சித்தி மட்டும் என் உத்தரவை மீறி, முந்தானைக்குள் போனை ஒளித்து வீடியோ எடுத்திருந்தார். ஆசையோடு பார்த்தோம். தட்டு மாற்றும் நேரம் முழுக்கக் குனிந்த என் பின்பக்கம்தான் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

அப்பா அதைப் பார்த்தார். அக்காவின் கதவையும் பார்த்தார். பிறகு போனை எடுத்து அழைத்தார்.

“சம்பந்தி, ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பீங்களா? நாங்க வர்றோம். தட்ட இன்னொரு தடவ மாத்திக்குவோம் லா. எம்மவளுக்குப் படம் வேணுமாம்.”

அப்பா வாயில் ‘சம்பந்தி’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை புலாவ் செபாங்கில், இரண்டு அப்பாக்களும் வெற்றிலைத் தட்டோடு சோபா முன்னால் நின்றார்கள். சுற்றிலும் எல்லார் கையிலும் போன். நான் கூச்சத்தோடு கேமராவை உயர்த்தினேன்.

“நில்லு” என்றார் அப்பா. தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையை என் பக்கம் நீட்டினார். “மொதல்ல அந்த மூடிய இங்க குடு.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், மூடி லென்ஸில்தான் இருந்தது. அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இப்ப மாத்துவோம் சம்பந்தி” என்றார்.