மரியதாசுக்குக் கலியாணம் கட்டி வைத்தது நான்தான்

இன்றைக்கு இலுப்பைக்கடவை பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"துப்பறியும் மரியதாஸ் கதையள் எழுதுறது நீங்கள்தானே தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன் பெருமையோடு.

"அந்தாளுக்கு ஏன் கலியாணம் கட்டி வைச்சனீங்கள்? முந்தி மதில் பாய்ஞ்சு கள்ளனைப் பிடிப்பார். இப்ப கள்ளன் ஓடேக்க, பிள்ளைக்குப் பால்மா வாங்க மறந்துபோனன் எண்டு நிண்டு யோசிக்கிறார்!"

குடும்பம் வந்தால் மனிதர் மாறத்தானே வேண்டும் என்றேன்.

"எனக்கும் மூண்டு பிள்ளையள். நான் ஆசுபத்திரியில நைட் டியூட்டி செய்யேல்லையோ?"

அவரைச் சமாதானப்படுத்த, யாருக்கும் சொல்லாத ரகசியத்தைச் சொன்னேன்.

"அடுத்த புத்தகத்தில அவற்ற மனுசி றீற்றாவைக் கொலை செய்யப்போறன் அக்கா. பிறகு அவர் பழைய ஆள்தான்."

அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அவள் என்ன பாவம் செய்தவள்? போன புத்தகத்தில காய்ச்சல்காரப் பிள்ளையோட முழிச்சிருந்தது அவள்தானே? அவளில கை வைச்சால் நான் உங்கட கதை வாசிக்கிறதையே விட்டிடுவன்!"

முன் சீற்று ஐயா பதறித் திரும்பினார்.

"தம்பி, ஆரைக் கொலை செய்யப்போறீர்?"

பஸ் முழுக்க என்னையே பார்த்தது. கதை என்று விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொலை அத்தியாயத்தை அழித்தேன். மரியதாஸ் வேலைக்குப் போகவேண்டுமே! பிள்ளையைப் பார்க்க றீற்றாவின் தாயை ஓலைத்தொடுவாயிலிருந்து கதைக்குள் கூட்டிவந்தேன்.

வந்த முதல் பக்கத்திலேயே அவர் மரியதாஸை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மனிதர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டும் விட்டார்.

மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்து அனுபவமுள்ளவர்கள், தப்பும் வழியைக் கீழே எழுதுங்கள்.