பார் வாசலில் இருந்த சின்ன வீடு

மதுவரி அதிகாரி அன்று பின்னேரம் வருகிறார் என்று தெரிந்ததும், பார் முதலாளி முதலில் பிடுங்கச் சொன்னது சூலத்தை.

கண்டி வாவியிலிருந்து மேலேறும் வீதியொன்றின் வளைவில் அந்த பார் இருந்தது. போர் முடிந்து, வெளிநாட்டுக்காரர்கள் மீண்டும் வரத் தொடங்கியிருந்த காலம். முதலாளி கண்டியில் பிறந்த தமிழர். பாங்கொக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு, தாய்லாந்து மனைவியோடு ஊர் திரும்பியிருந்தார். சமையலறை மனைவியின் பொறுப்பு. நான் அப்போது ஒரு பத்திரிகையின் கண்டி நிருபர். பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். இரவுச் சாப்பாடு அங்கேதான்.

அன்று என்னையும் இருக்கச் சொன்னார் முதலாளி. "பேப்பர்க்காரர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா கொஞ்சம் மரியாதையா பேசுவாங்க."

பிரச்சினை வாசலில் நின்ற சின்ன வீடு. சதுரமான சீமெந்துத் தளம், அதில் ஒற்றைத் தூண், தூணின் மேல் கூரை நுனிகள் வளைந்த ஒரு பொம்மை வீடு. உள்ளே விரல் உயரத்தில் ஒரு கிழவர், ஒரு கிழவி, பணிப்பெண்கள், யானைகள். தாய்லாந்தில் வீடு கட்டினாலும் கடை கட்டினாலும் அந்த நிலத்துக்குரிய ஆவிக்கு இப்படி ஒரு வீடு வைப்பார்கள். நிலம் அவருடையது, நாம் வந்து குந்தியவர்கள் என்பது கணக்கு. பெரிய கட்டடத்தின் நிழல்கூட அதன்மேல் விழக் கூடாது.

முதலாளியின் மனைவி இளவயதில் பாங்கொக்கில் ஒரு பாரில் காசாளராக இருந்தவர். அங்கே மாலையில் வண்ண விளக்குகளைப் போடுவதற்கு முன், முகப்பூச்சு முடித்த பெண்களும் வாசல் காவலாளியும் ஒவ்வொருவராக வந்து ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுவார்களாம். நல்ல ஆட்கள் வரட்டும், குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன் வராமல் போகட்டும் என்பதுதான் வேண்டுதல். அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்திருந்தார். காலையில் சோறும் பூவும், ஸ்ட்ரோ போட்டு மூடி திறந்த சிவப்புச் சோடாப் போத்தலும். மாலையில் ஊதுபத்தி; முதலாளியும் பக்கத்தில் வந்து நிற்பார்.

பாரில் ஊற்றிக் கொடுக்கும் பார்க்காரர் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே இயந்திரம் ஓடத் தொடங்குமுன், அதன் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டுவார்கள். சிவப்புப் போத்தலைக் கண்ட அன்றே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"செவப்புத் தண்ணி கேக்குது. தொழில் தொடங்க முன்ன கும்பிடு கேக்குது. நம்ம முனி தாங்க சேர். நாடு மாறி வந்திருக்காரு, அவ்வளவு தான்."

மறுநாளே ஒரு குவளைச் சாராயமும் சுருட்டும் வைத்தார். முதலாளியின் மனைவி சாராயத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "இவர் குடி இல்ல. சீலம் காக்கிற ஆள்."

"பார் வாசல்ல ஒக்காந்துகிட்டு குடிக்காத சாமியா? பாவம்க்கா."

ஆனால் பிலிமத்தலாவைக் கடையொன்றில் வாங்கிய பித்தளைச் சூலத்தை அவர் கொண்டுவந்து நட்டபோது அந்தப் பெண் தடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இந்த நிலத்து ஆள், இந்த ஊர் ஆள். என் பேச்சு அவருக்கு விளங்காது. சூலம் வச்சவர் பேச்சு விளங்கும்" என்றார்.

சூலத்தில் எலுமிச்சம்பழம் ஏறியது. தூணில் குங்குமம் ஏறியது. மேட்டிலிருந்து இறங்கும் த்ரீவீலர்காரர்கள் வளைவில் வேகத்தைக் குறைத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார்கள். சாமியும் சாராயமும் ஒரே வாசலில் என்று யாரோ முறைப்பாடு செய்தார்கள். வழிபாட்டிடத்தின் பக்கத்தில் மதுக்கடை நடத்த முடியாது. அதிகாரி இதைக் கோயில் என்று எழுதினால் லைசன் போய்விடும்.

"வீட்டையே கழட்டி உள்ள வச்சிரலாம்" என்றார் முதலாளி.

"நினைச்ச மாதிரி தூக்க முடியாது. தெரிஞ்ச ஆள் வரணும். கேக்கணும். வேற வீடு குடுக்கணும்." மனைவி குரலை உயர்த்தவில்லை. "அவரை ரோட்டுல விடவா?"

"சரி, நிக்கட்டும். அலங்காரம்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

"பேச மாட்டேன். போத்தல் எடுக்க மாட்டேன்."

பார்க்காரர் சூலத்தைத் துவாயில் சுற்றி, உள்ளே சாராயப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தார். தூணை ஈரத் துணியால் துடைத்தார். குங்குமம் போனது, சிவப்புக் கறை போகவில்லை. கறைக்கு முன்னால் ஒரு குரோட்டன் சாடியை நகர்த்தி வைத்தார்கள்.

"நீங்களும் கேட்டா ஓம் ஓம்னு சொல்லிருங்க சேர். ஒங்க ஊர்ப் பேச்சு அதுக்குத் தோதா இருக்கும்" என்றார் பார்க்காரர். நான் வடக்கிலிருந்து வந்தவன்; அங்கே ஆமாம் என்பதற்கு ஓம் என்போம்.

அதிகாரி தனியாக வந்தார். சிங்களத்தில் மெதுவாகப் பேசுகிற, ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். மேசைகளைப் பார்த்தார். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். சாராயத் தட்டின் முன் சற்று அதிக நேரம் நின்றார். பார்க்காரர் கண்ணாடிக் குவளை ஒன்றை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி வாசலுக்கு வந்தார்.

"இது?"

"அலங்காரம் சேர். தாய்லாந்தில் எல்லா ஹோட்டலிலும் இருக்கும்."

அதிகாரி சிவப்புப் போத்தலைப் பார்த்தார். குரோட்டன் சாடியைப் பார்த்தார். "அலங்காரம் என்றால் நல்லது. தூக்கி உள்ளே பார் மேசையில் வையுங்கள். அங்கே இருந்ததாக எழுதிவிட்டுப் போகிறேன்."

அவர் உதவி செய்யத்தான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. முதலாளி பார்க்காரரைப் பார்த்தார்.

"என் கையால மாட்டேன் மொதலாளி. வேணும்னா வேலய விட்டு அனுப்புங்க." அதைத் தமிழில் சொன்னார். அதிகாரிக்குச் சொல் விளங்கியிருக்காது, தலையாட்டல் விளங்கியிருக்கும்.

முதலாளியின் மனைவி சமையலறைக் கதவில் நின்றார். சொன்னபடியே வாய் திறக்கவில்லை.

முதலாளியே போனார். சீமெந்துத் தளத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்றார். வலது கால் விரலால் இடது குதியை அழுத்திச் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு மற்றதை. இரண்டையும் காலால் ஒன்றாகச் சேர்த்து ஒதுக்கிவிட்டு, தளத்தில் ஏறி, வீட்டைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சப்பாத்தை எதற்குக் கழற்றினீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

முதலாளி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கைகள் நீட்டியபடியே நின்றன. வளைவில் ஒரு த்ரீவீலர் வேகம் குறைந்து, பிறகு இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தூக்க வேண்டாம்" என்றார். நின்றபடியே எழுதினார். வாசிக்கத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகும்போது குறுக்கு வழியாகத் தளத்தின்மேல் நடந்திருக்கலாம், சுற்றிக்கொண்டு போனார்.

முதலாளி வெறுங்காலோடு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "பொய் சொல்லத் தெரியாத கால்" என்றார். அவர் தண்ணீரைக் குடித்தார்.

லைசன் புதுப்பிக்கப்படவில்லை. பெயர்ப்பலகையில் பார் என்ற சொல்லின்மேல் வெள்ளை அடித்தார்கள். சாப்பாட்டுக் கடை தொடர்ந்தது. மாலைக் கூட்டம் பாதியாகிவிட்டது. சாராயம் ஊற்றியவர் எலுமிச்சைத் தண்ணீர் பிழிந்தார். சூலம் பழைய இடத்துக்கு வந்தது, எலுமிச்சம்பழத்தோடு.

விளக்குப் போடுவதற்கு முன் மூவரும் வாசலில் நிற்பது மட்டும் மாறவில்லை. ஒருநாள் நான் போனபோது பார்க்காரர் சிவப்புச் சோடாவில் ஸ்ட்ரோவைப் போட்டுவிட்டு, முதலாளிக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"இப்ப சரிக்கா. சாமியும் குடிக்கிறதில்ல, வாறவனும் குடிக்கிறதில்ல."

முதலாளி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.