நம்ம பொண்ணின் வலது கை

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எங்கள் கூடத்தில் ரேடியோ அக்காவுக்கு எதிரே நிற்பவள் நான்.

ரேடியோ அக்கா என்பது நாங்கள் வைத்த பேர். அவள் கதை சொல்வாள். எங்கேயோ படித்த கதை இல்லை, அவளே கட்டுகிற கதை. வீட்டில் கேட்க ஆளில்லை. புருஷன் முதல் வரியிலேயே தூங்கிவிடுவார், மகன்கள் "சும்மா இரும்மா" என்பார்கள். அதனால் இங்கே கொண்டுவந்து கொட்டுவாள். விரிப்பு மடிக்கும்போது மட்டும்தான் கதை வரும். தலையணை உறை தனி ஆள் வேலை, அதற்குக் கதை கிடையாது. அதனால் உறை மடிக்க ஒருத்தியும் போகமாட்டாள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார்.

கதையில் வருகிறவள் ஆற்றைக் கடக்கும் படகில் டிக்கெட் கிழிக்கிற பெண். அவளை "நம்ம பொண்ணு" என்போம். ரொம்ப நாள் அவளுக்கு நல்லதே நடந்தது. ஒரு நாள் உலர்த்தும் மெஷின் பார்க்கிறவள் கொட்டாவி விட்டாள்.

"என்னக்கா, உன் பொண்ணுக்கு ஒரு ஜலதோஷம்கூட வராதா? உப்புச்சப்பே இல்ல."

ரேடியோ அக்கா சிரித்தாள். ஆனால் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மறுநாள் படகு கரை சேரும்போது, கயிற்றுக்கும் அதைக் கட்டுகிற கட்டைக்கும் நடுவே நம்ம பொண்ணின் வலது கை மாட்டி நசுங்கியது. எங்கள் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

அடுத்த ஜோடியில் நின்ற தங்கச்சி மட்டும் தன் முனைகளை மேஜையில் வைத்தாள். தங்கச்சி என்று நாங்கள் கூப்பிடுவது, ஈர விரிப்பை உள்ளே இழுத்துச் சூட்டில் தேய்த்துத் தள்ளுகிற இஸ்திரி உருளையில் வேலை பார்த்தவளை. போன வருஷம் அந்த உருளையில் பட்டு அவள் வலது கை வெந்துபோனது. புண் ஆறிவிட்டது, விரல்கள்தான் முழுதாக மடங்காது. மறுபடி உருளைப் பக்கம் போகப் பயந்து எங்களோடு மடிக்க வந்திருந்தாள்.

"உன் கதைக்கு என் கைதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு மூலைக்குப் போய்த் தலையணை உறைகளை எடுத்தாள்.

அதோடு அன்றைக்குக் கதை நின்றது. சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தியமா அவ கையை நெனச்சுச் சொல்லல, சாமியம்மா." நான் எதற்கெடுத்தாலும் கும்பிடுகிறவள் என்பதால் எனக்கு அந்தப் பேர். "அந்தப் பொண்ணப் பொத்திப் பொத்தி வளத்தேன். கை நசுங்கினப்ப எனக்கே பொறுக்கல. ஆனா நீங்க எல்லாரும் வாயடைச்சு நின்னீங்க பாரு, அதப் பாத்ததும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அதுதான் எனக்குப் பிடிக்கல."

"அப்போ சரியாக்கிடு."

"ஆக்கினா பொய்யாயிடும். ஆக்கலன்னா இவ மூஞ்சியில முழிக்க முடியாது."

அன்று சாயங்காலம் வீட்டாருக்கெல்லாம் வேண்டிக்கொண்டு, கடைசியில் நம்ம பொண்ணின் கைக்கும் வேண்டினேன். பாதியில்தான் அப்படி ஒருத்தி இல்லையே என்று உறைத்தது. ஆரம்பித்த வேண்டுதலை நடுவில் விடுவது மரியாதை இல்லை என்று முழுதாகவே சொல்லி முடித்தேன்.

மறுநாள் இதைச் சொன்னதும் மெஷின்காரி கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாமிக்கு என்ன அட்ரஸ் குடுத்தே? படகுத்துறையா?"

ரேடியோ அக்கா சிரிக்கவில்லை. "நீ வேண்டிக்கிட்டியா?" என்று என்னையே பார்த்தாள். பிறகு ஒரு விரிப்பை எடுத்து அவசர அவசரமாக ஆரம்பித்தாள். "ஒரு வைத்தியர் வந்தாரு, மருந்து தடவிக் கட்டுப் போட்டாரு. கட்டைப் பிரிச்சா கை பழையபடி..."

"பொய்." மூலையிலிருந்து தங்கச்சியின் குரல். அவள் திரும்பவில்லை. "அப்படியெல்லாம் ஆகாது. மொதல்ல பொத்தான் போட வராது. கூட இருக்கறவங்க போட்டு விடுவாங்க, அவங்க மேலயே எரிச்சலா வரும். தலை வார முடியாது. சீப்பத் தூக்கிச் சுவத்துல எறியணும் போல இருக்கும்."

ரேடியோ அக்கா உதறுவதை நிறுத்தி மூலைப் பக்கம் திரும்பினாள்.

"டிக்கெட்ட எப்படிக் கிழிப்பா?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பல்லால."

"எச்சில் டிக்கெட்ட யாரு வாங்குவா?" என்றாள் மெஷின்காரி.

"வாங்காம? நீந்தியா போவாங்க?"

தங்கச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரேடியோ அக்கா, "நீயே வந்து சொல்லு. எனக்கு அதுக்கு மேல வழி தெரியல" என்றாள். மூலையிலிருந்து வந்த தங்கச்சியிடம் என் முனைகளைக் கொடுத்தேன். மடங்காத விரல்களை உள்ளங்கையோடு அழுத்தி அவள் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கதையை இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிறார்கள். நம்ம பொண்ணுக்குக் கஷ்டம் வராமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும் முன் ரேடியோ அக்கா எதிரே இருக்கிற முகத்தைப் பார்ப்பாள். தங்கச்சி தலையசைத்தால்தான் மேலே போவாள். நானும் அந்தப் பெண்ணுக்கு வேண்டிக்கொள்வதை விடவில்லை. கேட்கிறவர் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

போன வாரம் தங்கச்சி உருளைக்குப் போனாள். துணி உள்ளே போகிற பக்கம் இல்லை, வெளியே வருகிற பக்கத்தில்தான் நின்றாள். அரை நாள் அங்கேயே இருந்தாள். மத்தியானம் மேஜைக்கு வந்து விரிப்பை எடுத்தவள், "நம்ம பொண்ணு கயித்தத் தொட்டுட்டா" என்றாள்.

"பிடிச்சாளா?" என்று ரேடியோ அக்கா கேட்டாள்.

"தொட்டா. அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?"