பெருக்கல் குறி போட்ட வீடு

திங்கட்கிழமை காலை ஆபீஸ் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். தாவூத் சாயபுவின் மைத்துனர் வந்து நின்றார். "மச்சான் மௌத்தாயிட்டாரு சாமி" என்றார். ஜுரம் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். முந்தின நாளே அடக்கமும் முடிந்துவிட்டது. "உங்க வூடு எங்க கீதுன்னு தெரியல. அதான் சொல்லியனுப்ப முடியல" என்றார். என் வீடு டென்மார்க்கில் ஒருவருக்குத் தெரியும். சாயபுவின் மைத்துனருக்குத் தெரியாது.

மைலாப்பூர் லஸ்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் சாயபு டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. பல வருஷமாக ஒரே அறை. அவரோடு பழகியவர்களுக்கெல்லாம் அவருடைய படத் தபால் கார்டுப் பைத்தியம் தெரிந்ததுதான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்துவைத்து, முன்பின் தெரியாதவர்களோடு கார்டு மாற்றிக்கொள்வார். ஒரு கார்டு வந்தால் ஒரு கார்டு போயாக வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் தர்மம்.

"மைலாப்பூர்ல பனி கொட்டறதுன்னு எழுதிப்போடும், ஓய். எவன் வந்து பாக்கப்போறான்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"வந்து பாக்க முடியாதவன் நம்பளத்தானே நம்பிக்கினு கீறான் அய்யரே. அவன்கிட்ட பொய் சொல்லலாமா?" என்றார்.

தன் தெருவின் படத்தை வாங்கி, தன் வீட்டின்மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவதும் அவர்களுடைய வழக்கம். டென்மார்க்கிலிருந்து ஒரு ரொட்டிக் கடைக்காரர் அப்படி ஒன்று அனுப்பினார். பதிலுக்குச் சாயபு நம் தெப்பக்குளத்தின் படத்தை வாங்கிவந்தார். குளம், கோபுரம், ஓரத்தில் வரிசையாகச் சில வீடுகள். அதில் என் வீட்டு மாடியின்மேல் மைக்குறி!

"என்ன ஓய் இது? எங்காத்து மேல கிறுக்கி வெச்சிருக்கீர்?" என்று கத்தினேன்.

"எங்க சந்த எவன் படம் புடிக்கிறான்? உங்க வூடு படத்துல கீது. என் சிநேகிதர் வீடுன்னு எழுதிக்கீறேன். தப்பா இன்னா?" என்று சிரித்தார்.

அவசரக் காகிதங்களோடு அவர் எத்தனையோ முறை என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். உள்ளே வாரும் என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. நல்ல மழையில் ஒருநாள் வந்தார். வாசற்படிக்கு மேலே நின்று கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன். "காயிதத்துல ஒரு சொட்டு படல, பாத்துக்குங்க" என்றார். அவர் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஊர் வழக்கம் என்று என்னிடம் ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருந்தது.

அடக்கமாகி ஒரு வாரம் கழித்து டென்மார்க்கிலிருந்து பதில் வந்தது. சாயபுவின் மேஜைமேல் இரண்டு நாள் கிடந்ததைக் கடைசியில் நானே எடுத்துப் படித்தேன். 'உங்கள் சிநேகிதரின் வீடு நல்ல இடத்தில் இருக்கிறது. அந்த மாடியில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? அடுத்த முறை போகும்போது பார்த்து எழுதுங்கள்.'

காலையில் படித்துறையில் குளிக்கிறவர்கள் தெரிவார்கள். சாயங்காலம் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக ஆடும். சாயபு இதைப் பார்த்ததே இல்லை.

கார்டு வந்தால் கார்டு போயாக வேண்டுமே! அதே தெப்பக்குளப் படத்தில் இன்னொன்று வாங்கிவந்தேன். அவர் காலமான செய்தியை எழுதிவிட்டேன். அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. மாடியில் அவர் உட்கார்ந்து ரசித்ததாக எழுதினால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? கடைசியில், 'அந்த வீட்டுக்காரன் நான்தான். அவர் மாடிக்கு வந்ததில்லை. நான் கூப்பிடவில்லை' என்று எழுதினேன். கார்டில் இன்னும் இடம் இருந்தது. அப்படியே தபாலில் போட்டுவிட்டேன்.

அவர் சேர்த்த கார்டுகளை மைத்துனர் வாங்கிப்போய்விட்டார். எனக்கென்று மிஞ்சியது, டென்மார்க்கில் இருக்கும் அந்தப் படத்தில் என் வீட்டின்மேல் அவர் போட்ட குறி ஒன்றுதான். தினமும் ஆபீஸ் விட்டு வந்து அதன் கீழேதான் செருப்பைக் கழற்றுகிறேன்.